எந்தச் சுபாவக்காரர்கள் ஆபாசப் படப் பழக்கத்தில் சிக்குகிறார்கள்? ஆய்வுக்கு உதவி வேண்டும்

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை உளவியல் கடைசி ஆண்டு. ப்ராஜெக்டுக்குக் கல்லூரி மாணவர்களின் ஆளுமைப் பண்புகளையும் கட்டுப்பாடு மீறிய ஆபாசப் படப் பழக்கத்தையும் எடுத்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டு கைடு முகம் சுளிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் "எந்தப் பண்பு எதைச் செய்யும் என்று நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய், ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் கணிப்பு இதுதான். ஐந்து பெரும் பண்புகள் என்று படிக்கிறோமே: எளிதில் கலங்குவது, கலகலப்பு, புதுமை நாட்டம், இணக்கம், ஒழுங்கு. இதில் எளிதில் கலங்குகிறவர்களும் ஒழுங்கு குறைந்தவர்களும் அதிகம் சிக்குவார்கள் என்று நினைக்கிறேன். கூச்ச சுபாவக்காரர்களைப் பற்றித்தான் குழப்பம். யூடியூபில் ஒருவர் "இன்ட்ரோவெர்ட்தான் இதற்கு அடிமையாவான்" என்று அடித்துச் சொல்கிறார். படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

குழல்விளக்கு

அலுவலகத்தில் இந்தத் தலைப்பைத் திறந்துவிட்டுப் பின்னால் மேனேஜர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். என் சுபாவம் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. சரி, நான் வேடிக்கை பார்க்கிறேன், பெரியவர்கள் பேசுங்கள்.

ஆற்றுப்படை

தம்பி, நல்ல தலைப்பு. கோவையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பார்க்கிறார் என்பது ஒரு கேள்வி. பார்ப்பது அவருக்குச் சிக்கலாகிவிட்டதா என்பது வேறு கேள்வி. பொதுவெளியில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். ஹங்கேரியைச் சேர்ந்த பியாட்டா போத்தேயும் கூட்டாளிகளும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று கூட்டம் தெரிந்தது. குறைவாகப் பார்ப்பவர்கள், சிக்கல் இல்லை. அடிக்கடி பார்ப்பவர்கள், சிக்கல் இல்லை. அடிக்கடி பார்ப்பவர்கள், சிக்கல் உண்டு. இதில் இரண்டாவது கூட்டம் மூன்றாவதைவிடப் பல மடங்கு பெரியது. ஆக, மணிக்கணக்கை மட்டும் வைத்து ஒருவரை "அடிமை" என்று முத்திரை குத்த முடியாது.

சிக்கல் என்றால் என்ன? அதே போத்தே குழு 2018இல் 18 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கியது. எப்போதும் அதே நினைப்பாக இருக்கிறதா, முன்பு போதுமானதாக இருந்தது இப்போது போதவில்லையா, மனம் சரியில்லாதபோது அதைத் தேடிப் போகிறீர்களா, விட்டுவிட்டுத் திரும்பப் போகிறீர்களா, பார்க்க முடியாதபோது தவிப்பு வருகிறதா, வாழ்க்கையில் மோதல் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. மொத்தம் 126 புள்ளி, 76ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை. எத்தனை மணி நேரம் என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை.

இப்போது உங்கள் ஐந்து பண்புக்கு வருகிறேன். எளிதில் கலங்கும் சுபாவம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது, உண்மைதான். ஒழுங்கு, சுயகட்டுப்பாடு குறைவு என்பதும் வருகிறது. கலகலப்புக்கும் கூச்சத்துக்கும் அப்படி ஒரு நேரான கதை கிடையாது. யூடியூப்காரர் தனிமையையும் கூச்சத்தையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கூச்ச சுபாவக்காரர் தனியாக நிம்மதியாக இருப்பார். நாலு பேர் நடுவே சிரித்துக்கொண்டே தனிமையில் வெந்துபோகிறவர்களும் உண்டு. சிக்கலுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த இரண்டாவது வகைத் தனிமை.

கண்மாய்க்கரை

சார், தம்பி இல்லை, தங்கை. 😄 ரொம்ப நன்றி. அப்படியென்றால் கணிப்பில் கலங்கும் சுபாவத்தை முதலில் வைக்கலாம்தானே?

எண்சுவடி

வைக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். புள்ளியியல் பக்கத்திலிருந்து இரண்டு முட்டுக்கட்டை போடுகிறேன்.

ஒன்று, தொடர்பு இருக்கிறது என்பதும் பெரிய தொடர்பு இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஆளுமை ஆய்வுகளில் தொடர்புக் கெழு, அதாவது இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண், 0.2 வந்தாலே "குறிப்பிடத்தக்க உறவு" என்று எழுதிவிடுவார்கள். 0.2ஐ வர்க்கப்படுத்துங்கள், 0.04. மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் நூற்றில் நான்கு பங்கைத்தான் அந்தப் பண்பு விளக்குகிறது. மிச்சம் 96 பங்கு வேறு எங்கோ கிடக்கிறது. ஆயிரம் பேரிடம் கேட்டால் இந்த 0.2 நிச்சயமாக நட்சத்திரக் குறியோடு, அதாவது தற்செயலாக வந்ததல்ல என்ற அடையாளத்தோடு, வரும். நட்சத்திரத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

உந்துதலுக்கு ஆட்படும் குணம், அதாவது முன்பின் யோசிக்காமல் செய்வது, இதற்கு முக்கியக் காரணம் என்று எல்லாரும் நினைத்தோம். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 13,778 பேரிடம் பார்த்தார்கள். ஆபாசப் பட சிக்கலோடு அந்தக் குணத்துக்கு இருந்த உறவு பலவீனமானதுதான். பொதுவான அதீத பாலியல் நடத்தையோடு வைத்துப் பார்த்தபோதுதான் உறவு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வெளியே போய் ஆபத்தான உறவில் இறங்குவதற்கு ஒரு துணிச்சல், ஒரு அவசரம் வேண்டும். போர்வைக்குள் போனைப் பார்ப்பதற்கு அது எதுவும் தேவையில்லை.

இரண்டாவது முட்டுக்கட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலங்கும் சுபாவத்தை எப்படி அளக்கிறோம்? "அடிக்கடி மனம் சோர்ந்துபோகிறேன்", "என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது" மாதிரி வாக்கியங்களைக் கொடுத்து அளக்கிறோம். சிக்கலை எப்படி அளக்கிறோம்? அமெரிக்காவில் அதிகம் பயன்பட்ட ஒன்பது கேள்வி அளவுகோல் ஒன்று உண்டு. அதில் மூன்று கேள்விகள் பார்த்த பிறகு வரும் வெட்கம், சோர்வு, குமட்டல் பற்றியவை. ஆக இடது பக்கமும் ஏறக்குறைய அதே கேள்வி, வலது பக்கமும் ஏறக்குறைய அதே கேள்வி. எதற்கெடுத்தாலும் தன்னையே நொந்துகொள்கிறவர் இரண்டிலும் கூட மதிப்பெண் போடுவார். அவர் மாதம் ஒரு முறை பார்த்தாலும் போடுவார். அப்புறம் "கலங்கும் சுபாவம் ஆபாசப் படச் சிக்கலைத் தருகிறது" என்று நாம் முடிவு எழுதுவோம்.

பனங்காட்டுநரி

மன்னிக்கவும், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். 96 பங்கு எங்கே என்று தேடுகிறீர்களே, அது மூளையில் இருக்கிறது. டோபமைன், ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனம். எந்தச் சுபாவக்காரனாக இருந்தாலும் அதிவேக இணையமும் முடிவில்லாத வீடியோவும் கையில் கிடைத்தால் மூளை மாறிவிடும். நான் நோஃபேப் ஆள், அதாவது ஆபாசப் படத்தையும் சுய இன்பத்தையும் விட்டு, விட்ட நாளை எண்ணிக்கொண்டு வரும் இணையக் கூட்டத்தைச் சேர்ந்தவன். சுபாவத்தை யாரும் மாற்றவில்லை, படத்தை விட்டேன், மனிதனானேன். சிலருக்குக் குணம் அப்படி என்று சொல்வது சாக்குப்போக்குக்கு வழி விடுவது.

ஆற்றுப்படை

நரி அவர்களே, உங்களுக்கு அது உதவியது என்றால் மகிழ்ச்சி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "எந்தச் சுபாவக்காரனாக இருந்தாலும்" என்பதை ஏற்க முடியவில்லை. எல்லார் கையிலும் அதே போன், அதே இணையம். 42 நாடுகளில் 82,243 பேரை வைத்து நடந்த சர்வதேச ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. சிக்கலுக்கான அபாய நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம். மீதிப் பேருக்கும் அதே மூளை, அதே டோபமைன்தானே?

மூளை ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. கேம்பிரிட்ஜில் 2014இல் வலேரி வூன் குழு, பாலியல் நடத்தையை நிறுத்த நினைத்தும் முடியாதவர்களின் மூளை ஆபாசக் காட்சிக்குப் போதை அடிமைகள் போல எதிர்வினை காட்டுவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் நிக்கோல் ப்ராவ்ஸ் குழு மூளை மின்னலைகளைப் பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொன்னது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரே சூழலில் ஒருவர் விழுகிறார், பக்கத்து அறைக்காரர் விழவில்லை. ஏன் என்று கேட்டால் சுபாவத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் சுபாவம் நேராக வேலை செய்வதில்லை. ஜெர்மனியில் மத்தியாஸ் பிராண்டும் மற்றவர்களும் 2016இல் முன்வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. முதல் படியில் ஆளின் சுபாவம். அடுத்தது அந்த நேரத்து மனநிலை. அடுத்தது "இதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறும்" என்ற எண்ணம். கடைசியாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் அந்த நேரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது. இவையெல்லாம் சேர்ந்தால்தான் கை போனுக்குப் போகிறது. போய் ஆறுதல் கிடைத்துவிட்டால் அந்த எண்ணம் இன்னும் கொஞ்சம் உறுதியாகிறது.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே "கடைசியாக எப்போது" என்பது அல்ல, "அதற்கு முன்னால் அரை மணி நேரம் என்ன நடந்தது" என்பதுதான். பெரும்பாலும் பதிலில் காமம் இருக்காது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் பேசியது இருக்கும். நேர்காணலில் இருந்து பதில் வராதது இருக்கும். தூக்கம் வராத ராத்திரி இருக்கும்.

எண்சுவடி

இதற்கு ஒரு அளவும் இருக்கிறது, கண்மாய்க்கரை கவனிக்கவும். உந்துதல் குணத்தை ஒரே மூட்டையாக அளக்காமல் வைட்சைடும் லைனமும் 2001இல் பிரித்தார்கள். திட்டமிடாமை வேறு, தொடங்கியதை முடிக்காமை வேறு, கிளுகிளுப்பு தேடுவது வேறு, மனம் நொந்திருக்கும்போது அவசரப்பட்டு எதையாவது செய்வது வேறு. மேலே சார் சொன்ன ஆட்கள் அந்தக் கடைசி வகை. மற்ற நேரத்தில் பத்து முறை யோசித்துச் சட்டை வாங்குகிற ஆளாகக்கூட இருப்பார். மொத்தமாக அளந்தால் அவர் கணக்கில் வரவே மாட்டார்.

பனங்காட்டுநரி

சரி, அரை மணி நேரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்ற கேள்வி நியாயமானது. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் ஆகாது. ஆனாலும் நாள் எண்ணுவது உதவுகிறது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆற்றுப்படை

எண்ணுங்கள். ஆனால் எண்ணிக்கை உடைந்த நாளில் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். மதுவை விட்டவர்களிடம் ஆலன் மார்லட் கண்டுபிடித்த விஷயம் இது. ஒரு வாய் குடித்துவிட்டு "போச்சு, எல்லாம் போச்சு, நான் உருப்பட மாட்டேன்" என்று நினைக்கிறவர்தான் முழு பாட்டிலையும் காலி செய்கிறார். "சறுக்கிவிட்டேன், எழுந்துகொள்வோம்" என்கிறவர் ஒரு வாயோடு நிறுத்துகிறார். எதிலும் முழுமை வேண்டும் என்கிற சுபாவக்காரர்கள் முதல் வகையில் விழுகிறார்கள். நோஃபேப் எண்ணிக்கை சிலரைக் காப்பாற்றுகிறது, சிலரைப் பூஜ்யத்துக்குத் திரும்பிய அன்றே மூன்று மடங்கு பார்க்க வைக்கிறது. ஆளைப் பொறுத்தது.

உவரிக்காற்று

நான் விசுவாசி, சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவன். இவ்வளவு படித்தேன், ஒருவரும் பாவம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மனச்சாட்சி குத்துவதால்தான் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள், வந்துதான் மீள்கிறார்கள். குற்ற உணர்வை ஒரு அளவுப் பிழை மாதிரி எண்சுவடி ஐயா ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது.

எண்சுவடி

ஒதுக்கவில்லை ஐயா. தனியாக அளக்க வேண்டும் என்கிறேன், இன்னொன்றுக்குள் கலந்துவிடக் கூடாது என்கிறேன்.

நீங்கள் தொட்ட இடத்தில்தான் இந்தத் துறையின் பெரிய விவாதமே நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா க்ரப்ஸ் பத்துப் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் தோண்டுகிறார். தவறு என்று உறுதியாக நம்புகிறவர் அதையே செய்யும்போது, நம்பிக்கைக்கும் நடத்தைக்கும் நடுவே ஒரு விரிசல் வருகிறது. 2019இல் க்ரப்ஸ், சாமுவேல் பெர்ரி உள்ளிட்டோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். "நான் அடிமை" என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்வதை முன்கணிப்பதில் அந்த விரிசலுக்கு மிக வலுவான இடம் இருந்தது. எவ்வளவு பார்க்கிறார் என்பதைவிடவும் வலுவான இடம். மதப்பற்று உள்ளவர்கள் சராசரியாகக் குறைவாகவே பார்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் அதிகமாக வேதனைப்படுகிறார்கள்.

அதே ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் 2,075 பேரிடம் கேட்டபோது "நான் அடிமை" என்பதை ஓரளவாவது ஒப்புக்கொண்டவர்கள் ஆண்களில் 11 சதவீதம், பெண்களில் 3 சதவீதம். ஒப்புக்கொண்ட அத்தனை பேருக்கும் மருத்துவ அர்த்தத்தில் நோய் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றுமில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் வேதனை நிஜம்.

ஆற்றுப்படை

இதோடு சேர்த்து ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' அதில் இருக்கிறது. போதை அடிமைத்தனத்தின் கீழ் இல்லை, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் கீழ் இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும், வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும். கூடவே தெளிவாக ஒரு வரி: வேதனை முழுக்க முழுக்க ஒழுக்கரீதியான தீர்ப்பிலிருந்து மட்டும் வருகிறது என்றால் இந்த நோய்ப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம் 5 என்ற மனநோய்க் கையேட்டில் இதற்கு நெருக்கமான ஒரு நோயைச் சேர்க்கச் சொன்ன முன்மொழிவையே ஏற்கவில்லை.

உவரி அண்ணாச்சி, நான் யாரிடமும் விசுவாசத்தை விடு என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்கிற ஆற்றுப்படுத்துநர் தன் வேலையை மீறுகிறார். விரிசலை மூட நடத்தையையும் மாற்றலாம், அதற்குத்தான் உங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். வருகிற பையனுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "இது பாவம், விடலாம், விட முடியும்" என்கிறீர்களா, "நீ அடிமை, உன் மூளை கெட்டுவிட்டது" என்கிறீர்களா? தன்னை அடிமை என்று நம்புவது ஒரு வருடம் கழித்தும் மன உளைச்சலோடு சேர்ந்தே இருந்ததை க்ரப்ஸ் குழு 2015இல் காட்டியது. தொடக்கத்தில் இருந்த மன உளைச்சல், பார்க்கும் அளவு இரண்டையும் கணக்கில் கழித்த பிறகும் அது இருந்தது.

உவரிக்காற்று

இரண்டாவதைத்தான் சமீபமாக அதிகம் சொல்கிறோம். வெளிநாட்டு ஊழியக்காரர்களின் வீடியோக்களில் எல்லாம் மூளைப் படம்தான் வருகிறது. யோசிக்கிறேன். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை, மூளையைப் பற்றி இல்லை.

வைகைவாசி

அண்ணாச்சி, மூளைப் படம் வருவதற்கு முன்பே நம் ஊரில் இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. ராத்திரி டிவியில் "இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?" என்று ஒருவர் வருவாரே, எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் இருப்பார் என்று கீழே ஓடுமே! என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துப் பயந்துதான் வளர்ந்தோம். ஒரு சொட்டு விந்து எத்தனையோ சொட்டு ரத்தம் என்று கணக்கு வேறு. இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது, யார் கேட்டார்கள்?

ஆற்றுப்படை

வைகை சொல்வது இந்த இழைக்கு வெளியே இல்லை. விந்து போனால் உயிர்ச்சத்து போகிறது என்ற பயத்தால் வரும் சோர்வுக்கும் உடல்வலிக்கும் 1960இல் மனநல மருத்துவர் விக் 'தாத் நோய்த்தொகுதி' என்று பெயர் வைத்தார். அமெரிக்கப் பையனுக்குப் பாவ பயம் என்றால் நம் பையனுக்குப் பாவ பயத்தோடு பலவீன பயமும் சேர்ந்து வருகிறது. வாரம் ஒரு நாள் பார்த்துவிட்டு "கன்னம் ஒட்டிப்போச்சு டாக்டர்" என்று வருகிறவர்கள் உண்டு. எண்சுவடி முன்பு சொன்ன ஒன்பது கேள்வி அளவுகோல் க்ரப்ஸுடையதுதான், அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இந்த இரண்டாவது பயம் அதில் சிக்காது. கண்மாய்க்கரை, அதற்கென்று நாலைந்து கேள்வி நீங்களே சேர்க்கலாம்.

மல்லிப்பந்தல்

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் கணவரைப் பற்றி. குடிப்பதில்லை, கோபப்பட்டதில்லை. வீட்டுக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதி வைப்பவர். ஒழுங்கு குறைந்தவர்கள் சிக்குவார்கள் என்று முதல் பதிவில் இருக்கிறது. இவரைவிட ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரி நான் தூங்கிய பிறகு மணிக்கணக்கில் பார்க்கிறார், கேட்டால் இல்லை என்று சாதிக்கிறார். நான் போதவில்லையா என்ற கேள்வி என்னைத் தின்கிறது. இது எந்தப் பண்பு என்று சொல்லுங்கள்.

ஆற்றுப்படை

அம்மா, நீங்கள் எழுதியது நல்லது.

முதலில் உங்கள் கேள்வி. ஏன் பார்க்கிறார்கள் என்று எட்டு வகைக் காரணங்களைப் பிரித்து அளந்திருக்கிறார்கள். இன்பம், ஆர்வம், சலிப்பைப் போக்குவது, மன அழுத்தத்தைத் தணிப்பது, வேண்டாத உணர்வை அடக்குவது, கற்பனை, தன்னைத் தெரிந்துகொள்வது, உறவில் நிறைவின்மை. கடைசிக் காரணம் எட்டில் ஒன்றுதான். சிக்கலாகிவிட்டவர்களிடம் அழுத்தத்தைத் தணிப்பதும் உணர்வை அடக்குவதும் முன்னால் நிற்கின்றன. கோபமே படாதவர், எதையும் வெளியே காட்டாதவர் என்கிறீர்கள். அது எங்கே போகிறது என்று நான் யோசிப்பேன். பார்க்காத ஒருவரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஒழுங்கு என்பது சராசரிக் கணக்கு. எண்சுவடி சொன்ன அந்த 96 பங்கில் உங்கள் கணவர் மாதிரி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்னொன்று, அவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவான பிறகுதான் உங்களுக்கு வலிக்க வேண்டும் என்று இல்லை. மறைப்பதும் பொய் சொல்வதும் தனியாகப் பேச வேண்டிய விஷயம். பகலில், சண்டை இல்லாத நேரத்தில், "எத்தனை நாளாக" என்று ஆரம்பிக்காமல் "ராத்திரி ஏன் தூக்கம் வருவதில்லை" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் ஒரு ஆலோசகரைப் பார்க்கலாம்.

மூங்கில்காடு

மல்லி அக்கா, உங்களால் வந்தது இல்லை என்பதை நானும் சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் நானே பார்க்கிறவள்.

ஆம், பெண்கள் பார்க்கிறோம். இந்த இழை முழுக்க "பையன்", "பிள்ளை", "கணவர்" என்றே போகிறது. ஆண்களுக்குச் சிக்கல் அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கண்மாய்க்கரை, லேடீஸ் ஹாஸ்டலில் போய் இந்தத் தாளை நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் தோழி உட்கார்ந்திருக்கும்போது யார் உண்மையை எழுதுவார்கள்? பையன்கள் பெருமைக்குக் கூட்டி எழுதுவார்கள், நாங்கள் பயத்தில் பூஜ்யம் போடுவோம். அப்புறம் "பெண்களிடம் இந்தப் பிரச்சினை இல்லை" என்று ஒரு பட்டியல் வரும். இணக்கம் அதிகமுள்ளவர்கள் குறைவாகப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்கு முடிவு வந்தால், அவர்கள் குறைவாகப் பார்க்கிறார்களா, மற்றவர்களுக்குப் பிடித்த பதிலை எழுதுகிறார்களா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

எண்சுவடி

அருமையான கேள்வி. நல்ல பெயர் வாங்கும் ஆசையை அளக்கவே தனியாக ஒரு சிறு கேள்வித்தொகுப்பு உண்டு, அதையும் சேர்க்க வேண்டும். பெயர் கேட்காத, தனியாகப் போனில் நிரப்புகிற படிவம்தான் சரி. மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்து வையுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

குழல்விளக்கு

வேடிக்கை பார்க்க வந்தேன், குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், ஒன்றில் லேகிய விளம்பரம், இன்னொன்றில் மூங்கில்காடு அவர்களிடம் தனிச்செய்தி கேட்டு வழிசல். இரண்டாமவரின் கணக்கு முடக்கப்பட்டது.

விடியாதஇரவு (புதியவர்)

இதற்காகத்தான் கணக்கு தொடங்கினேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி புத்தகத்தை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் போனுக்குப் போய்விடுகிறேன், அப்புறம் விடிந்துவிடுகிறது. பகலில் தூக்கம். இரண்டு முறை தேர்வுக்கே போகவில்லை. எனக்கு மதம், பாவம் எதுவும் கிடையாது, அதனால் அந்த விரிசல் இல்லை. நான் எந்த ஆளுமைத் தேர்வை எழுதிப் பார்க்க வேண்டும்?

ஆற்றுப்படை

எதையும் எழுத வேண்டாம் தம்பி. ஆளுமைத் தேர்வு உங்களுக்கு வழி சொல்லாது. சர்க்கரை பரம்பரையில் உண்டா என்று தெரிந்துகொள்வதால் இன்றைக்குச் சர்க்கரை இறங்காது, அது மாதிரிதான்.

தூக்கம் கெட்டு, தேர்வு தவறி, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது நேரில் காட்ட வேண்டிய நிலை. போகும்போது மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களிடம் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் கவனக்குறைவுக் கோளாறு "சோம்பேறி", "ஒழுங்கில்லாதவன்" என்ற பெயரில் மறைந்திருக்கும், இந்தப் பழக்கத்தோடு சேர்ந்தும் வரும். அடியில் இருப்பதைச் சரி செய்தால் மேலே இருப்பது இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனிக் கிளினிக் நடக்கிறது.

சிகிச்சை பலன் தருமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் யூட்டாவில் க்ராஸ்பியும் டூஹிக்கும் 28 ஆண்களிடம் 12 அமர்வுகளில் ஏற்புச் சிகிச்சை செய்து பார்த்ததை 2016இல் வெளியிட்டார்கள். பார்ப்பது 93 சதவீதம் குறைந்தது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் 21 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்தச் சிகிச்சையின் போக்கைக் கவனியுங்கள். ஆசை வந்தால் விரட்டு என்று அது சொல்லவில்லை. ஆசை வரும், இருக்கும், போகும், அது இருக்கும்போதே நீ படிக்க நினைத்ததைப் படி என்றது. இன்றைக்குச் செய்யக் கூடியது ஒன்று: போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

விடியாதஇரவு

நன்றி சார். கூப்பிட்டுப் பார்க்கிறேன். கவனக்குறைவு பற்றி யாரும் சொன்னதில்லை, பள்ளியிலிருந்தே எனக்கு அப்படித்தான்.

பனங்காட்டுநரி

தம்பி, போன் வேறு அறை என்பதை நானும் வழிமொழிகிறேன். எண்ணிக்கை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கண்மாய்க்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. என் ஒரு பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஐந்து பண்புகளையும் நேராகச் சிக்கலோடு முடிச்சுப் போடவில்லை. கலங்கும் சுபாவம் அதிகமுள்ளவர்கள் மனதை ஆற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள், அந்தக் காரணம் வழியாகத்தான் சிக்கல் வரும் என்பது முதல் கணிப்பு. மொத்த உந்துதல் குணத்துக்குப் பதிலாக, மனம் நொந்த நேரத்தில் அவசரப்படும் குணத்தை மட்டும் எடுக்கிறேன். தவறு என்ற நம்பிக்கை, பலவீன பயம் இரண்டும் தனித்தனி. எவ்வளவு நேரம் என்பதும் தனி. "நான் அடிமை என்று நினைக்கிறேன்" என்பதற்கு ஒரே ஒரு கேள்வி. கூச்ச சுபாவத்துக்குக் கணிப்பே வைக்கவில்லை, தனிமைக்கு வைத்திருக்கிறேன். கைடு 120 பேர் போதும் என்கிறார்.

எண்சுவடி

கணிப்பு நன்றாக இருக்கிறது. 120 போதாது. இவ்வளவு பலவீனமான உறவுகளை, அதிலும் ஒன்று வழியாக இன்னொன்று என்று சோதிக்க 400 பேராவது வேண்டும், கைடிடம் கணக்கைக் காட்டுங்கள், நான் போட்டுத் தருகிறேன். ஒரே தடவை கேட்கிற ஆய்வில் "வழியாக வருகிறது" என்று எழுதாதீர்கள், எது முன்னால் எது பின்னால் என்று உங்களிடம் ஆதாரம் இருக்காது. பார்ப்பதால் தனிமை கூடுகிறதா, தனிமையால் பார்க்கிறார்களா என்பதும் அப்படியே. முடிந்தால் அடுத்த செமஸ்டரில் அதே ஆட்களிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

அப்புறம் நெறிமுறைக் குழு அனுமதி. இந்தத் தலைப்புக்கு அவர்கள் நேரம் எடுப்பார்கள், இப்போதே விண்ணப்பியுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க வேண்டாம், முதலாம் ஆண்டு மாணவர்களில் பதினேழு வயதுக்காரர்கள் இருப்பார்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 14416ஐப் போடுங்கள்.

கண்மாய்க்கரை

பதினேழு வயது விஷயம் தோன்றவே இல்லை சார். மாதிரி அளவுக் கணக்கைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திங்கட்கிழமை கைடைப் பார்க்கிறேன்.